இரண்டு சீட்டில் ஒன்றாவது ஏஸ்: 2/13 ஏன் தப்பு?

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மகன் படிவம் 4. கணக்கில் மோசமில்லை, ஆனால் நிகழ்தகவில் சீட்டுக்கட்டு வந்தால் மட்டும் திணறுகிறான். பயிற்சித்தாளில் இப்படி ஒரு கேள்வி: 52 சீட்டுகள் உள்ள கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, திரும்ப வைக்காமல் எடுக்கிறோம். அதில் குறைந்தது ஒன்றாவது ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன? தம்பி 2/13 என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள், ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பா சீட்டாட்டத்தில் நிறைய இழந்தவர், அதனால் கோலாலம்பூர் செந்தூலில் உங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. இப்போது பிள்ளைக்காக ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பெரியப்பா இருந்தார். ஆனால் கட்டைப் பார்க்காமல் இந்தக் கணக்கைக் கற்பது, கடலைப் பார்க்காமல் நீச்சல் கற்பது மாதிரி. பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடமாக டியூஷன் எடுக்கிறேன். சீட்டுக்கணக்கில் விழும் பிள்ளைகளில் பலருக்குக் கணக்கு தெரியும், கட்டுதான் தெரியாது. ஒரு மாணவி எல்லாக் கணக்கையும் தவறாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சீட்டுகளில் 1 முதல் 52 வரை எண் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டில் அவள் பார்த்திருப்பாள்? அன்று சாயங்காலமே ஒரு கட்டு வாங்கி வகுப்பில் வைத்தேன். அது இன்றுவரை அலமாரியில் இருக்கிறது, ஓரமெல்லாம் நைந்துபோய்.

கட்டை வாங்கியதும் ஜோக்கர்களை எடுத்து ஓரமாக வையுங்கள். மீதி 52 இருக்கிறதா என்று தம்பியே எண்ணட்டும். பிறகு பாயை விரித்து, நான்கு வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு வகை. சிவப்பில் இரண்டு வகை: இதயம் போட்டது ஹார்ட், சாய்சதுரம் போட்டது டைமண்ட். கறுப்பில் இரண்டு: ஸ்பேட், கிளப். நம் தாத்தாமார் ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர் என்பார்கள். மலாயில் கிளப்பைக் கெலாவார் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வௌவால் என்றும் பொருள் என்பதால், வௌவால் படத்தைத் தேடிய பிள்ளைகளும் உண்டு. மூன்று இலை சேர்ந்த மாதிரி இருப்பதுதான் அது.

ஒவ்வொரு வரிசையிலும் ஏஸில், அதாவது A போட்ட சீட்டில், தொடங்கி 2, 3 என்று 10 வரை, அப்புறம் ஜாக், குயின், கிங். மொத்தம் 13. ஏஸ் ஏஸுக்குக் கீழேயே வர வேண்டும், கிங் கிங்குக்குக் கீழேயே. இப்போது பாயில் 4 வரிசை, 13 பத்தி. குறுக்கே பார்த்தால் ஒரு வகையின் 13 சீட்டு, நெடுக்கே பார்த்தால் ஒரே பெயருடைய 4 சீட்டு. முகம் வரைந்த சீட்டுகள் ஜாக், குயின், கிங் மட்டும்தான், அதாவது 12. ஏஸில் முகம் இல்லை. இந்த ஒரு இடத்தில் போகிற மதிப்பெண் கொஞ்சநஞ்சம் இல்லை.

இந்த அடுக்கு கண்ணில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிகழ்தகவு என்றால் எண்ணுவதுதான் அக்கா. நமக்கு வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை என்று எண்ணிவிட்டு, கடைசியில் வகுக்கிறோம். பிள்ளைகள் வகுத்தலில் தப்பு செய்வதில்லை, எண்ணும்போதுதான் தப்பு நடக்கிறது.

ஒரு சீட்டு எடுத்தால் ஏஸ் வர 4/52, சுருக்கினால் 1/13. ஹார்ட் வர 13/52, அதாவது 1/4. சிவப்புக் கிங் வர 2/52, அதாவது 1/26. முகச்சீட்டு வராமல் இருக்க? வருவது 12, வராதது 40, ஆக 40/52 = 10/13. இவற்றை எல்லாம் தம்பி ஒரு பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வான். விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டும் வருவதற்குச் சம வாய்ப்பு இருந்தால்தான் இப்படி எண்ணி வகுக்கலாம். அதற்காகத்தான் கேள்வியில் 'நன்கு கலைக்கப்பட்ட கட்டு' என்று போடுகிறார்கள். எத்தனை தடவை கலைத்தால் அது நன்கு கலைத்தது? கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியின் ஓரத்தையும் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிடுவார்களே, அந்த முறையில் ஏறக்குறைய ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். இரண்டு மூன்று தடவை கலைத்தால் பழைய வரிசையின் சாயல் இன்னும் உள்ளே இருக்கும். 52 சீட்டையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எழுதினால் அது 68 இலக்கம் உள்ள எண். அவ்வளவு வழிகளுக்கும் சம இடம் கிடைக்க வேண்டும் என்றால் கொஞ்சம் சிரத்தையாகத்தான் கலைக்க வேண்டும்.

சரி, அடுத்த படி. ஒரு சீட்டு எடுக்கிறோம், அது கிங்காகவோ ஹார்ட்டாகவோ இருக்க வேண்டும். கிங் 4, ஹார்ட் 13, கூட்டினால் 17 என்பான் தம்பி. பாயைக் காட்டுங்கள். கிங் பத்தியில் நான்கு சீட்டின் மேலும் ஒவ்வொரு மிளகாய் வற்றலோ புளியங்கொட்டையோ வைக்கட்டும். அப்புறம் ஹார்ட் வரிசை முழுக்க 13 கொட்டை வைக்கட்டும். ஹார்ட் கிங்கின் மேல் இரண்டு கொட்டை இருக்கும். இருப்பது ஒரே சீட்டு, நாம் அதை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒன்றை எடுத்துவிட்டால் 16. விடை 16/52 = 4/13. அதே சமயம் 'கிங் அல்லது குயின்' என்று கேட்டால் இரண்டு பத்தியும் எங்கேயும் வெட்டிக்கொள்ளவில்லை, தாராளமாகக் கூட்டலாம்: 8/52 = 2/13.

அந்த இரண்டு கொட்டை விழுந்த சீட்டை மறக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். அவனுடைய சிவப்பு மைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு சீட்டு எடுக்கும் கணக்குக்கு வருவோம். பள்ளியில் இது படிவம் 4இல் கூட்டு நிகழ்ச்சிகள் என்ற பாடத்தில் வருகிறது, படிவம் 2இல் படித்த எளிய நிகழ்தகவின் தொடர்ச்சி. முதலில் கேட்க வேண்டியது: எடுத்த சீட்டைத் திரும்ப வைக்கிறோமா இல்லையா? மலாய்த் தாளில் 'தன்பா டிகெம்பாலிகான்' என்று இருந்தால் திரும்ப வைக்கவில்லை. அந்த இரண்டு சொல்லைக் கண்டதும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

இரண்டும் ஏஸாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததைத் திரும்ப வைத்துக் கலைத்தால், இரண்டாம் தடவையும் அதே 52, அதே 4. ஆகவே 4/52 × 4/52 = 1/169. திரும்ப வைக்காவிட்டால்? பாயிலிருந்து ஒரு ஏஸை எடுத்து அவன் சட்டைப் பையில் வைக்கட்டும். பாயில் இப்போது 51 சீட்டு, அதில் 3 ஏஸ். ஆகவே 4/52 × 3/51 = 12/2652 = 1/221. பையில் ஒரு சீட்டு போனதும் மேலே உள்ள எண்ணும் குறைகிறது, கீழே உள்ள எண்ணும் குறைகிறது. கீழே 51 என்று மாற்றிவிட்டு மேலே 4 என்றே விட்டுவிடுவது வழக்கமான தவறு.

இப்போது தம்பியின் கேள்வி. குறைந்தது ஒன்றாவது ஏஸ். அவன் எப்படி யோசித்திருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. முதல் சீட்டு ஏஸாக இருக்க 1/13, இரண்டாவது ஏஸாக இருக்க 1/13, கூட்டினால் 2/13. இதில் இரண்டு பின்னமும் சரி. இரண்டாவதும் 1/13தானா, 51 சீட்டுதானே மீதி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், அதற்குப் பிறகு வருகிறேன். தப்பு கூட்டலில் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்போம். முதல் சீட்டை 52 விதமாக எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதை 51 விதமாக எடுக்கலாம். மொத்த ஜோடிகள் 52 × 51 = 2652. முதல் சீட்டு ஏஸாக உள்ள ஜோடிகள் 4 × 51 = 204. இரண்டாவது ஏஸாக உள்ள ஜோடிகள்? அந்த இரண்டாவது இடத்தில் 4 ஏஸில் ஒன்றை வைத்துவிட்டு, முதல் இடத்துக்கு மீதி 51இல் ஏதாவது ஒன்று: அதுவும் 204. இரண்டையும் கூட்டினால் 408. 408/2652 என்பது 2/13. தம்பியின் விடை இதுதான்.

ஆனால் இரண்டுமே ஏஸாக உள்ள ஜோடிகள் 4 × 3 = 12 இருக்கின்றனவே, அவை முதல் 204இலும் இருக்கின்றன, இரண்டாவது 204இலும் இருக்கின்றன. இரண்டு கொட்டை விழுந்த ஹார்ட் கிங்கின் கதைதான். ஒரு 12ஐக் கழித்தால் 396. 396/2652 = 33/221. இதுதான் சரியான விடை. 2/13ஐ 221இன் கீழ் எழுதினால் 34/221. தம்பி தவறவிட்டது சரியாக 1/221, அதாவது இரண்டும் ஏஸாக வரும் அந்த வாய்ப்பு. தசமத்தில் பார்த்தால் அவனுடையது 0.1538, சரியானது 0.1493. இவ்வளவு பக்கத்தில் வந்ததால்தான் அவனுக்குத் தான் எங்கே தவறினோம் என்று தெரியவில்லை.

'பக்கத்தில் வந்துவிட்டதே, பரவாயில்லையே' என்று அவன் சொன்னால், இதைக் கேளுங்கள். இரண்டு சீட்டுக்கு 2/13 என்றால் 13 சீட்டுக்கு எவ்வளவு? 13/13. அதாவது 13 சீட்டு கையில் வந்தால் ஏஸ் கட்டாயம் இருக்கும் என்று ஆகிறது. 14 சீட்டுக்கு? 14/13. ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு உலகத்திலேயே கிடையாது. அந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நான் இந்தப் பாடத்தை நடத்துவதே அந்த ஒரு நொடிக்காகத்தான்.

உண்மையில் 13 சீட்டில் ஒரு ஏஸ்கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? இதைக் கையில் உள்ள 13 சீட்டின் பக்கமிருந்து கணக்கிட்டால் 13 பின்னங்களைப் பெருக்க வேண்டும். நான்கு ஏஸின் பக்கம் போய் நின்று பாருங்கள், நாலே பெருக்கல். கட்டில் 52 இடம். 13 இடம் உங்கள் கை, 39 இடம் வெளியே. முதல் ஏஸ் வெளியே விழ 39/52. அது விழுந்துவிட்டால் இரண்டாவது ஏஸ் வெளியே விழ 38/51. பிறகு 37/50, அப்புறம் 36/49. பெருக்கினால் ஏறக்குறைய 0.304. ஆக, நான்கு பேருக்கு ஆளுக்கு 13 சீட்டு பகிர்ந்தால், பத்துக் கையில் மூன்று கை போல ஏஸே இல்லாமல் வரும். கட்டாயம் வரும் என்று கூட்டல் சொன்னது எங்கே, இது எங்கே! ஏஸ் நிச்சயம் வர வேண்டும் என்றால் 49 சீட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் ஏஸ் அல்லாதவை 48.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், மனசு தேறும். அவன் செய்த தவறு ரொம்பப் பழைய தவறு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் டி மெரே என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். ஒரு பகடையை நான்கு தடவை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம். சரிதான், அதன் நிகழ்தகவு 0.518. அப்படியானால் இரண்டு பகடையில் இரட்டை ஆறு விழுவதற்கு 24 தடவை உருட்டினால் போதும் என்று அவர் நினைத்தார். 6க்கு 4 என்றால் 36க்கு 24 என்ற விகிதக் கணக்கு. ஆனால் கணக்குப் போட்டால் அது 0.491, பாதிக்கும் கீழே. விகிதத்தில் போட்டால் வரும் விடை, ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டால் ஏன் வரவில்லை என்று அவர் கணித அறிஞர் பாஸ்கலிடம் கேட்டார். பாஸ்கல் 1654இல் இன்னொரு கணித அறிஞரான பெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று பள்ளியில் படிக்கிற நிகழ்தகவுப் பாடம் அந்த இருவரின் கடிதங்களிலிருந்துதான் பெருமளவு வளர்ந்தது. நிறைய உருட்டி அனுபவப்பட்ட மனிதருக்கே கூட்டல் எங்கே செல்லாது என்று பிடிபடவில்லை.

தேர்வில் இதை எப்படி எழுதுவது? 'குறைந்தது ஒன்று' என்று தமிழிலோ, 'செகுராங்-குராங்ஞா' என்று மலாயிலோ கண்டால், எதிர்ப்பக்கத்தை எண்ணுவதுதான் சுலபம். ஒன்றுகூட ஏஸ் இல்லாமல் இருக்க 48/52 × 47/51 = 2256/2652. மொத்தம் 1இலிருந்து கழித்தால் 396/2652. அதே 33/221. இரண்டு வழியிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல சோதனை, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. மரக்கிளை போலப் படம் போட்டாலும் சரி, நான்கு கிளை வரும். நான்கின் நிகழ்தகவையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ பையில் வைத்த சீட்டை மறந்துவிட்டான் என்று அர்த்தம். தசமமாக மாற்றாமல் பின்னமாகவே விடையை விடுவது நல்லது.

முன்னே சொன்ன சண்டைக்கு வருகிறேன். முதல் சீட்டை எடுத்து, பார்க்காமலே கவிழ்த்து வையுங்கள். இரண்டாவது ஏஸாக இருக்க என்ன நிகழ்தகவு? மீதி 51 ஆச்சே, எப்படி 1/13 ஆகும் என்பார்கள். எண்ணியாயிற்று: 2652 ஜோடியில் 204. அது 1/13தான். நீளமாகவும் போட்டுப் பார்க்கலாம்: முதலில் ஏஸ் போய் இரண்டாவதும் ஏஸ் 12 ஜோடி, முதலில் வேறு போய் இரண்டாவது ஏஸ் 48 × 4 = 192 ஜோடி. 12 + 192 = 204. கவிழ்ந்து கிடக்கும் சீட்டு கட்டின் உச்சியில் இருந்தால் என்ன, மேசையில் இருந்தால் என்ன, நமக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது அந்தச் சீட்டைத் திருப்புங்கள். ஏஸ் என்றால் இரண்டாவதின் நிகழ்தகவு 3/51 ஆகிவிடும். ஏஸ் இல்லை என்றால் 4/51. கட்டில் ஒன்றுமே மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியது, எண்ணும் மாறியது.

இதை நீங்களே அவனோடு விளையாடிப் பார்க்கலாம். ஒரு சீட்டை எடுத்து உங்கள் பக்கம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிங்காக இருக்க என்ன வாய்ப்பு என்று கேளுங்கள். 1/13 என்பான். முகச்சீட்டு வரும்வரை மாற்றி மாற்றி எடுத்து, 'இது முகச்சீட்டு' என்று சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். 4/12, அதாவது 1/3. பாயில் 12 முகச்சீட்டின் மேல் மட்டும் கையை வைத்துக் காட்டினால் அவனுக்கே புரியும். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை மற்ற 40 சீட்டையும் பாயிலிருந்து வாரி எடுத்துவிட்டது.

உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள், அதனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கட்டிலிருந்து தொடர்ந்து ஐந்து சிவப்பு வந்துவிட்டது, சீட்டுகளைத் திரும்ப வைக்கவில்லை. அடுத்தது கறுப்பு வர வாய்ப்பு கூடுமா? கூடும். மீதி 47இல் கறுப்பு 26, ஆக 26/47, பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். கட்டு தன்னிடமிருந்து போனதை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்ப வைத்துக் கலைத்தால், ஐந்து சிவப்பு என்ன, ஐம்பது சிவப்பு வந்தாலும் அடுத்தது கறுப்பு வர அதே 1/2.

நம் ஊரில் லாட்டரி நம்பர் எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'இந்த நம்பர் ரொம்ப நாளா வரல, இந்த வாரம் விழும்' என்று மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசுவார்கள். விபத்தில் நசுங்கிய காரின் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். 4டி என்ற நான்கு இலக்க லாட்டரிக் குலுக்கலில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலும் புதிதாக, எல்லா எண்ணும் உள்ளே. திரும்ப வைத்துக் கலைத்த கட்டுதான் அது. போன வாரம் விழுந்த எண்ணுக்கும், பத்து வருடமாக விழாத எண்ணுக்கும், நசுங்கிய காருக்கும் முதல் பரிசு வர ஒரே வாய்ப்பு, 1/10,000. மூன்று பெரிய பரிசு, பத்து சிறப்புப் பரிசு, பத்து ஆறுதல் பரிசு என்று ஒரு குலுக்கலில் 23 எண்கள். ஏதாவது ஒன்று விழ 23/10,000. வழக்கமான 'பெரிய' பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, கிடைப்பது முறையே 2500, 1000, 500, சிறப்புக்கு 180, ஆறுதலுக்கு 60 வெள்ளி. 10,000 எண்ணையும் எண்ணுக்கு ஒரு வெள்ளி போட்டு வாங்கினால் 10,000 வெள்ளி செலவு. திரும்பி வருவது 2500 + 1000 + 500 + 1800 + 600 = 6400. ஒரு வெள்ளிக்குச் சராசரி 64 காசு. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த 64 மாறாது. தம்பியே இந்தக் கூட்டலைப் போடட்டும். வீட்டில் சீட்டு இருந்தால் பிள்ளை கெட்டுவிடுவானோ என்று பயந்தீர்களே, தன் கையால் ஒருமுறை இந்த 64ஐக் கண்டுபிடித்த பிள்ளையை நான் நம்புவேன்.

இனி அவன் கணக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நளன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூதில் நாட்டை இழந்தவன், இருதுபன்னன் என்ற மன்னனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்ததும், அதில் இலை இவ்வளவு, காய் இவ்வளவு என்று இருதுபன்னன் சொல்லிவிடுகிறான். நளன் வாயைப் பிளந்துகொண்டு நம்பிவிடவில்லை. தேரை நிறுத்தினான், இறங்கினான், எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்த பிறகுதான் அந்த வித்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த இறங்கி எண்ணும் குணம் தம்பிக்கு வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை போதும். கட்டை நன்றாகக் கலைத்து மேலிருந்து இரண்டு சீட்டு எடுக்கட்டும். ஒன்றாவது ஏஸ் என்றால் தாளில் ஒரு கோடு. திரும்ப வைத்து, கலைத்து, மறுபடி. மொத்தம் 100 தடவை. நீங்கள் கலைத்துக் கொடுங்கள், அவன் எடுக்கட்டும், அப்போது வேலை சீக்கிரம் நடக்கும். 33/221 படி பார்த்தால் சராசரியாக 15 கோடு விழ வேண்டும். 8க்கும் 22க்கும் நடுவில் எது வந்தாலும் வியப்பில்லை, 100 தடவைக்கு அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும். இந்தச் சோதனை 33க்கும் 34க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது, அதற்குப் பல்லாயிரம் தடவை எடுக்க வேண்டும். அதைத்தான் நாம் உட்கார்ந்த இடத்தில் எண்ணியே கண்டுபிடித்தோம்.

கோடு போடும்போது இன்னொரு தனிப் பத்தியில், இரண்டுமே ஏஸாக வந்தவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். 221க்கு ஒன்று என்பதால் நூறில் ஒன்றுகூட வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் வந்துவிட்டால், அந்த இரண்டு ஏஸையும் பாயில் வைத்து, 'இந்த ஜோடிக்கு எத்தனை கோடு போடுவாய்?' என்று கேளுங்கள். ஒன்று என்று சொன்னான் என்றால் அந்தப் பயிற்சித்தாளை எடுத்துக் கொடுங்கள், அவனே திருத்தி எழுதுவான்.